நொய்யல் கரையில் ஒரு நூலகம், அதைச் சுற்றிச் சில ஊர்கள்

புதன் – கோயம்புத்தூர்

கோயம்புத்தூருக்கு ரயிலேறுகிறவர்களில் பாதிப் பேர் ஊட்டிக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் கல்யாணத்துக்குப் போகிறவர்கள். எனக்கு இரண்டும் இல்லை. நொய்யல் கரையில் ஒரு சின்ன ஊர். அங்குள்ள கிளை நூலகத்தின் பின்னறையில் ஊர் வரலாற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று காங்கயத்து நண்பர் சொன்னார். நூலகத்துக்குள் அருங்காட்சியகமா என்று கேட்டேன். “அவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், வந்து பாருங்க” என்றார். சரி, அதைச் சாக்காக வைத்துக் கொங்கு நாட்டில் ஊர் வரலாறு எங்கெங்கே, யார் கையில் இருக்கிறது என்று ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் ஆர்.எஸ்.புரம். கௌலி பிரவுன் சாலையில் மாவட்ட மைய நூலகம். காலையிலேயே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இடம்பிடித்துவிடுகிறார்கள். நாளிதழ்ப் பகுதியில் பெரியவர்கள். இவர்கள் இருவரும்தான் இன்று தமிழ்நாட்டு நூலகங்களைத் தாங்குகிறவர்கள். கதைப் புத்தகம் தேடி வருகிற ஆள் மூன்றாவது வரிசைதான்.

ஆர்.எஸ்.புரத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. நெருக்கடியான பேட்டைகளை விட்டு ஊர் வெளியே விரிய வேண்டிய கட்டாயம் வந்தது. நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடஸ் 1915-இல் கோவையைச் சுற்றிப்பார்த்து அறிக்கை எழுதினார். நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரில் புதுக் குடியிருப்பு எழுந்தது. பிளேக் போய்விட்டது, பிளேக் மாரியம்மன் மட்டும் கோவையில் இன்னும் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கதையை ஆர்.எஸ்.புரத்தில் காபி குடிக்கிற எத்தனை பேரிடம் கேட்டாலும் பாதிக்கு மேல் தெரியாது. ஒரு தெருமுனையிலாவது எழுதிவைத்தால்தானே தெரியும்.

கோவையைப் பற்றி எழுதிவைத்தவர்கள் குறைவில்லை. திப்பு விழுந்த மறு ஆண்டு, 1800-இல், பிரான்சிஸ் புக்கானன் இந்தப் பக்கமெல்லாம் சுற்றி, எங்கே என்ன விளைகிறது, யார் என்ன நெய்கிறார்கள், கிணறு எவ்வளவு ஆழம் என்று விடாமல் குறித்தார். 1887-இல் எப்.ஏ.நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு வந்தது. இதே நிக்கல்சன்தான் பிறகு கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பற்றிய அறிக்கையை எழுதியவர். தமிழில் என்றால் வழக்கறிஞர் சி.எம்.இராமச்சந்திரன் செட்டியார், கோவைகிழார் என்றால் இன்னும் பலருக்குப் புரியும். ஆனால் இவையெல்லாம் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டிய புத்தகங்கள். பெயர் தெரிந்தவன்தான் கேட்பான்.

சாயங்காலம் பக்கத்திலேயே காஸ் வன அருங்காட்சியகம். 1902-இல் தொடங்கியது. மரத்துண்டுகளும் பாடம் செய்த விலங்குகளும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. வெரைட்டி ஹால் சாலைக்கும் ஒரு நடை போனேன். 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய சினிமாக் கொட்டகையின் பெயரைச் சாலை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. அதற்கப்புறம் அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி. இதைச் சொல்லாமல் கோவைக் கட்டுரை எழுதினால் கோவைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

வியாழன் – நொய்யல் கரை

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. நூலகர் கேட்டுக்கொண்டார். காட்சிக்கூடத்துக்கு எழுத்தில் அனுமதி எதுவும் வாங்கவில்லையாம். “நல்லா இருக்குதுன்னு நாலு பேர் எழுதுனா, யாராவது ஒருத்தர் எந்த ஆர்டர்ல வெச்சீங்கன்னு கேப்பாங்க. அது எதுக்குங்க வம்பு?” நியாயம்தான்.

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து டவுன் பஸ். இறங்கினால் அரசமரம், பேக்கரி, பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேன், நூலகம். ஓட்டுக்கட்டடம் போய் தளம் போட்ட கட்டடம் வந்து ரொம்ப நாளாகிறது. முன்னறையில் நாளிதழ், நடுவில் அலமாரிகள், பின்னால் பழைய வார இதழ்க் கட்டுகள் கிடந்த அறை. அந்தக் கட்டுகளை ஒழித்துவிட்டுத்தான் காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். பணம் வாசகர் வட்டம் போட்டது. புரவலர்கள் கொடுத்ததில் கொஞ்சம். கண்ணாடிப் பெட்டி இரண்டும் மூடிய நகைக்கடையிலிருந்து சும்மா கிடைத்தவை. அதனால் ஒரு பெட்டியில் பூட்டு மட்டும் மிகப் பெரிது.

நூலகர் மூன்றாம் நிலை. ஐம்பதை ஒட்டிய வயது, ஈரோட்டுக்காரர். அவருக்குத் துணை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஊரே அவரை ‘சார்’ என்கிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை ‘கண்ணு’ என்றார். எனக்கும் நரைத்துவிட்டது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

உள்ளே போகும் வழியிலேயே ஒரு அலமாரி. கலைக்களஞ்சியம் 10 தொகுதிகள், சிவப்பேறிய பழைய தாள்கள், மூலைக்கு மூலை வசம்புத் துண்டு. இராமபாணப் பூச்சிக்காம். சார் அங்கேயே நின்றுவிட்டார். “இதுவே நம்மூருச் சங்கதிதான் கண்ணு” என்று ஆரம்பித்தார். திருப்பூரில் பிறந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை இந்தியாவில் ஒரு மாகாணம் நூலகத்துக்கென்று போட்ட முதல் சட்டம். அதற்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் நீண்ட கால உழைப்பு இருந்தது. வீட்டு வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 பைசா என்று இன்று நாம் நூலக வரி கட்டுவது அந்தச் சட்டத்தால்தான். தமிழில் கலைக்களஞ்சியம் வேண்டும் என்று தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வழியாக வேலையைத் தொடங்கி வைத்தவரும் அவினாசிலிங்கமே. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன், ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியை ஒட்டிய மஞ்சக்காட்டு வலசுக்காரர். 1954 தொடங்கி 1968 வரை தொகுதிகள் வந்தன. நூலகத்துக்குச் சட்டம் போட்டவரும் நூலகத்தில் முதலில் இருக்க வேண்டிய புத்தகத்தைத் தொகுத்தவரும் முப்பது மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். அதைச் சொல்லும்போது சாருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

பின்னறை பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். நுழைந்ததும் சுவரில் கறுப்பாக ஒரு பெரிய தாள், அதில் வெள்ளை எழுத்து. கல்வெட்டு மைப்படி. ஊர்க் கோயில் அடிமட்டக் கல்லிலிருந்து சார் எடுத்தது. எப்படி எடுப்பார்கள் என்று கேட்டதுதான் தாமதம், வாசலுக்கு அழைத்துப்போய் ஒரு பழைய மைல்கல்லில் செய்தே காட்டினார். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். கம்பித் தூரிகை கூடாது, தேங்காய்நார்தான். நனைத்த தாளைக் கல்லின் மேல் குமிழ் இல்லாமல் ஒட்டவைத்து, அடர்ந்த மயிருள்ள தூரிகையால் தட்டத் தொடங்கினார். அடிக்கக் கூடாது, தட்ட வேண்டும். ஈரத்தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் மெல்ல இறங்கியது. ஒரு இடத்தில் லேசாகக் கிழிந்தது; சின்னத் துண்டை எச்சில் தொட்டு ஒட்டி மறுபடியும் தட்டினார். தாள் பாதி காய்ந்ததும், துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய ஒத்தடப் பொட்டலத்தை மையில் தொட்டு, வேறொரு தட்டில் ஒற்றி மையைக் குறைத்து, தாளின் மேல் ஒற்றிக்கொண்டே போனார். மேடு கறுத்தது, பள்ளம் வெள்ளையாக நின்றது. கண்ணால் பார்க்கும்போது வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் ‘மைல்’ என்ற எழுத்தும் ஒரு எண்ணும் வந்து நின்றன. தேர்வுக்குப் படிக்கிற பையன்கள் நாலைந்து பேர் செல்போனை எடுத்துக்கொண்டு சுற்றிநின்றார்கள். அவர்களில் ஒருவன் இந்த மைல்கல்லின் மேல் உட்கார்ந்துதான் தினமும் டீ குடிப்பானாம்.

அறையின் நடுவில், எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கவலைச் சால். இன்றைய பிள்ளைகளுக்காகக் கவலை ஏற்றம் வேலை செய்யும் விதத்தைப் படமாக வரைந்து மாட்டியிருக்கிறார்கள். கிணற்று மேட்டில் உருளை, அதன் வழியாக வடக்கயிறு. எருதுகள் சரிவான வாரியில் இறங்க, சால் மேலே வரும். ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வார், அவர் பாரமும் சேர்ந்து இழுக்கும். சாலின் அடியில் தைத்த தோல் தும்பியை வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் அது நீண்டு தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டும். அப்புறம் எருதுகள் பின்னோக்கி நடந்து மேலேற வேண்டும். இப்படி விடிகாலையிலிருந்து வெயில் ஏறும்வரை இறைத்தால்தான் தோட்டத்தில் ஏதாவது நனையும். ஆறு நம்பி வாழாத, கிணறு வெட்டியே வாழ்ந்த சீமை இது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. அந்த மின்சாரத்தில் கோவை மில்கள் பெருகின. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின் மோட்டார் செய்தார்கள். அப்புறம் பட்டறைகள், பம்புசெட்டுகள். ஒன்றிரண்டு தலைமுறைக்குள் கவலை ஓய்ந்தது. எருதுகளுக்கு வேலை குறைந்தது, கிணறும் இறங்கிக்கொண்டே போனது.

இந்தச் சாலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை. அதுதான் நான் இந்தப் பயணம் முழுவதிலும் பார்த்தவற்றில் மிக நல்ல பொருள் என்பேன். முதலில் அதில், சால் இன்ன தோட்டத்து இன்னார் வீட்டுக் கொடை என்று மட்டும் இருந்திருக்கிறது. அறை வாசலில் ஒரு நோட்டும் நூலில் கட்டிய பென்சிலும் தொங்குகின்றன. ‘திருத்த நோட்டு’ என்று பெயர். தப்பாக எழுதியிருந்தால், விட்டுப்போயிருந்தால், யார் வேண்டுமானாலும் எழுதலாம். திறந்து சில நாளில் அதில் ஒரு வரி: “சால் அவங்களுது. தும்பித் தோல் தெச்சது எங்க தாத்தா. அதையும் எழுதுங்க.” எழுதியது பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண். கொங்குக் கிணறுகளுக்கெல்லாம் தோல் பதனிட்டுத் தும்பி தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அவர்கள் கை படாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வந்திருக்காது. தண்ணீர் வந்த தொட்டியை மட்டும் அவர்கள் தொடக் கூடாது.

வாசகர் வட்டத்தில் இதற்காக ஒரு கூட்டமே நடந்ததாம். கொடுத்தவர் வீட்டில் கொஞ்சம் முகம் சுளித்திருக்கிறார்கள். நூலகர் அதிகம் பேசவில்லை. அட்டையைக் கழற்றி, இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுதி மாட்டிவிட்டார். அப்புறம் அந்தப் பெண் தாத்தாவின் குத்தூசியையும் தோல் வெட்டும் உளியையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். உளியின் மரப்பிடியில் கட்டைவிரல் பதிந்து பதிந்து ஒரு குழி. நகைக்கடைப் பெட்டியின் பெரிய பூட்டு இப்போது அதற்குத்தான்.

“கோயில் கல்வெட்ல கொடுத்தவன் பேருதான் இருக்கும். கல்லு கொத்துனவன் பேரு அபூர்வமா எங்கியாவது ஒண்ணு. இங்கயும் அதையே செஞ்சா எப்புடிங்க?” என்றார் நூலகர்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்கிறேன். சந்தகை பிழியும் மரம், கந்தாய (நிலவரி) ரசீதுகள், வள்ளம் என்ற பழைய அளவில் நிலம் எழுதிய பத்திரம் ஒன்று, கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், காங்கயம் காளையோடு நிற்கும் ஒரு அப்பிச்சியின் (தாய்வழித் தாத்தாவின்) படம், பள்ளிக்கூடக் குழுப்படங்கள். குழுப்படங்களுக்கு அடியில் பெயர்கள் பாதிதான். மீதி திருத்த நோட்டு வழியாக நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஒரு படத்தில் மூன்றாவது வரிசைப் பையன் யார் என்பதில் இரண்டு குடும்பத்துக்குத் தகராறு. இருவர் பெயரும் கேள்விக்குறியோடு இருக்கிறது.

பழங்காசு, நடுகல் எதுவும் இல்லை. வேண்டுமென்றே வைக்கவில்லை. ஆற்று மணலில் காசு கிடைத்தது என்று ஒரு பையன் கொண்டுவந்தபோது நூலகர் அவனைத் தாசில்தார் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிடைத்ததை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பையனுக்கு வருத்தம். காசின் படத்தை மட்டும் அவன் பெயர் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது ஒன்று பார்த்தேன். வாசல் பக்கச் சுவரில் ஊர் அணைக்கட்டின் பழைய கறுப்புவெள்ளைப் படம். பெண்கள் துணி துவைக்கிறார்கள், பிள்ளைகள் குதிக்கிறார்கள், தண்ணீருக்கடியில் கூழாங்கல் தெரிகிறது. தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, “இது பவானிங்களா சார்?” என்றாள். “இல்ல சாமி, நம்ம நொய்யலு” என்றார் சார். அவள் நம்பவில்லை. அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது சாயமும் நுரையும். ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு அவை மாற வேண்டிவந்ததும் அவளுக்குப் பாடத்தில் இருக்கிறது. ஆனால் இந்தப் படம் பாடத்தில் இல்லை. நாளிதழ் படிக்க வந்து, தண்ணீர் குடிக்கப் பின்னால் போகிற வழியில் கண்ணில் பட்டதால் கேட்டாள். அருங்காட்சியகத்துக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தடவை போவோம், அத்தோடு சரி. நூலகத்துக்குத் தினமும் வருகிறவர்கள் உண்டு. ஊர் வரலாறு தினமும் வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும், அவர்கள் கையில் ஒரு பென்சிலும் வேண்டும் என்பது என் கட்சி.

வெள்ளி – அறச்சலூர், ஓடாநிலை, கொடுமணல்

வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகமும் விடுமுறை, கிளை நூலகமும் விடுமுறை. பாறைகளுக்கு விடுமுறை இல்லை.

அறச்சலூர் நாகமலையில் இருக்கும், தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்பிராமியில் வெட்டிய கல்வெட்டை வெளியுலகுக்குக் கொண்டுவந்ததில் புலவர் செ.இராசுவுக்குப் பெரிய பங்கு. 2023-இல் மறையும் வரை கொங்குக் கல்வெட்டும் செப்பேடும் தேடி அவர் நடக்காத ஊர் இந்தப் பக்கத்தில் குறைவு. கல்வெட்டில் த, தா, தை, தே என்று எழுத்துகள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை. இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றே. ஆடலுக்கான தாளக்கட்டு என்கிறார்கள். எழுத்தைச் சேர்த்தவன் பெயரும் இருக்கிறது: மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன். காசின் மாற்றுப் பார்க்கிறவன் வண்ணக்கன். நேற்று நூலகர் சொன்ன அபூர்வமான ‘எங்கியாவது ஒண்ணு’ இங்கே இருக்கிறது.

ஏறுகிற வழி ஒன்றும் கஷ்டமில்லை, வெயில்தான். ஆட்டோ அண்ணன் பாதி வழியில் பாறையில் உட்கார்ந்துவிட்டார். “நானு சின்ன வயசுல இங்க ஆடு மேச்சவனுங்க. அப்ப இது எழுத்துன்னே தெரியாது. கிறுக்கல்னு நெனச்சோம்” என்றார்.

ஓடாநிலை பக்கத்தில்தான். தீரன் சின்னமலையின் கோட்டை இருந்த இடம், இப்போது மணிமண்டபம். 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆடி மாதத்தில் வந்தால் இங்கே நிற்க இடமிருக்காது. இன்றைக்கு நானும் ஆட்டோ அண்ணனும்தான்.

மதியத்துக்கு மேல் சென்னிமலை வழியாகக் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது அறிஞர்கள் முடிவு. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கா.ராஜன் குழு இங்கே தோண்டத் தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகள், சூதுபவளமும் பச்சைக்கல்லும் பளிங்கும் அறுத்து மணி செய்த பட்டறைகளின் தடயம், பெருங்கற்காலக் கல்லறைகள், பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஆதன் போன்ற பெயர்கள் ஓட்டில் இருக்கின்றன. தன் சட்டிக்குத் தானே பெயர் எழுதிக்கொள்ளும் அளவுக்கு எழுத்து புழங்கிய ஊர். பச்சைக்கல் காங்கயம் பக்கத்துப் படியூரிலிருந்து வந்தது. மேற்குக் கரைத் துறைமுகங்களுக்கும் கரூருக்கும் இடையிலான பெருவழியில் இந்த ஊர் உட்கார்ந்திருந்தது.

இவ்வளவும் படித்துவிட்டுப் போனால், அங்கே இருப்பது காடு. தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள். அதுதான் முறை, குறை சொல்ல முடியாது. கிடைத்த பொருள்கள் வெளியூர் போய்விட்டன. வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், “அந்தக் குழி தோண்டற எடத்துக்குங்களா?” என்று கேட்டு, வரப்போரமாக அழைத்துப்போய்க் காட்டினார். அவரும் தோண்டும் வேலைக்குப் போனவர். தூரிகையால் மண்ணை எப்படி ஒதுக்குவது, மணி தென்பட்டால் எப்படிக் கையை எடுத்துவிட்டுக் கூப்பிடுவது என்று செய்துகாட்டினார். ஒரு நாள் பாசி போலச் சிவப்பு மணி அவர் விரலில் தட்டுப்பட்டதாம். “இந்தா, இத்தனூண்டு. ஓட்டை போட்டிருந்துது பாருங்க, எந்தக் கண்ணு கொண்டு போட்டானோ” என்றார். அது இப்போது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒரு புகைப்படமாவது கொடுமணல் பள்ளிக்கூடத்துச் சுவரிலோ ஊர்ப்புற நூலகத்திலோ மாட்டி, அடியில் இவர் பெயரையும் போட்டால் யாருக்கு என்ன நட்டம்?

சனி – ஈரோடு

ஈரோட்டில் வேலை சீக்கிரம் முடிந்தது. பெரியார்–அண்ணா நினைவகத்தில் கூட்டம் இல்லை. படங்களை நின்று பார்க்க முடிந்தது. 1887-இல் கணித மேதை இராமானுஜன் பிறந்ததும் இதே ஊரில்தான், பாட்டி வீட்டில். ஒரே ஊர் பெரியாரையும் இராமானுஜனையும் கொடுத்தது என்பதை ஈரோட்டுக்காரர்கள் ஏன் இன்னும் சத்தமாகச் சொல்வதில்லை என்று தெரியவில்லை. அவர்களுக்கு ஜவுளிச் சந்தைதான் பேச்சு.

காலிங்கராயன் வாய்க்காலைப் பார்த்தேன். பவானி ஆறு காவிரியில் சேருமிடத்துக்குச் சற்று முன்னால் 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் அணை கட்டி வெட்டிய வாய்க்கால் இது. கோணல் கோணலாகப் போகும். பாம்பு வழி காட்டியது என்பது கதை. மேட்டு நிலத்தின் வாட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை ஓட்டுவதற்கு வளைந்துதான் ஆக வேண்டும் என்பது கணக்கு. மஞ்சளும் வாழையும் கரும்பும் இன்னும் அந்தத் தண்ணீரில்தான். கரையோரம் ஒரு இடத்தில் மஞ்சள் வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டையில் அந்த வாசம் இன்னும் இருக்கிறது.

ஞாயிறு – புகழூர், கரூர்

வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டார் மலை. மேலே முருகன், படியேறும் வழியில் சமணர் குகைத்தளம். கல்லில் வெட்டிய படுக்கைகள், மேலே தமிழ்பிராமி. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற மூத்த அமணருக்கு உறையுள் வெட்டிக்கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு இது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று சேர மன்னர் மூன்று தலைமுறை வரிசையாக வருகிறது. சங்கப் பாட்டில் மட்டும் இருந்த பெயர்களுக்குக் கல்லில் சாட்சி கிடைத்த இடம். எழுத்தைப் படிக்க வெயில் சாய்வாக விழ வேண்டும். உச்சிவெயிலில் போனால் வெறும் பாறைதான். நான் காலை எட்டுக்குள் போனேன்.

மலையிலிருந்து பார்த்தால் காகிதபுரம் காகித ஆலை தெரிகிறது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிற அரசு ஆலை. நூலகத் திருத்த நோட்டின் பின்னட்டையில் இந்த ஆலையின் பெயரைத்தான் பார்த்த நினைவு.

கரூர் அருங்காட்சியகத்தில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த காசுகளைப் பார்க்க ஒரு மணி நேரம் செலவழித்தேன். சேரர் காசு, ரோமானியக் காசு. உருப்பெருக்கிக் கண்ணாடி கையோடு கொண்டுபோவது நல்லது.

செங்காயபன் கல்வெட்டைச் சாய்வெயிலில் எடுத்த படங்களை நூலகருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: “படம் நல்லாருக்குதுங்க. ஆனா புகழூர் நம்மூரு இல்லீங்களே. நொய்யலு காவேரில சேர்ற எடம் இருந்தா ஒண்ணு அனுப்புங்க, அது மாட்டலாம்.” நொய்யல் என்ற பெயரிலேயே அந்த ஊர் கரூர் மாவட்டத்தில் இருக்கிறது. பஸ் பன்னிரண்டரைக்கு என்றார்கள். போனேன்.